நான்கு கட்டங்களின் சராசரி

காலை ஐந்து மணிக்கு அன்றைய வானிலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். ஐந்தே முக்காலுக்குள் அதைத் துண்டு போட்டு, சரிபார்த்து, கையெழுத்து வைத்து, எங்கள் வட்டாரமான தென்கரை முழுக்க அனுப்பிவிட வேண்டும். ஒரு கணினி நாற்பது வினாடியில் முடித்துவிடுகிற வேலை. அதற்குத் தென்கரைக் கட்டக வாரியத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். அதில் நாற்பது பேர் தண்டம் என்று நான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். மத்தியானம் யாரும் என்னோடு சாப்பிட உட்கார மாட்டார்கள்.

வேலை இதுதான். எங்கோ வடக்கே இருக்கிற முன்கணிப்பு எந்திரம் பூமி உருண்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், மழை, காற்று என்று எண்களைத் துப்பும். அது உருண்டைக்குப் போட்ட கட்டம். எங்கள் கரையில் ஓடும் படகு மோட்டார்களுக்குத் தெரிந்ததோ தட்டையான வரைபடத்தில் போட்ட கட்டம். ஆரஞ்சுத் தோலை மேஜையில் வைத்து அமுக்கினால் அங்கங்கே கிழிந்து நகரும் அல்லவா, அதுபோல அந்தக் கட்டமும் இந்தக் கட்டமும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாது. எங்கள் கட்டம் ஒன்று எந்திரத்தின் நான்கு கட்டங்களுக்கு நடுவில் போய் விழும். அந்த நான்கின் சராசரியை எடுத்து நம் கட்டத்தில் போட வேண்டும். படித்தவர்கள் இதை ப்ரொஜெக்‌ஷன் என்பார்கள். வாரியத்தில் விரிப்பு. நான் விரிப்புப் பிரிவின் கண்காணிப்பாளர், பெயர் எமல்டா.

இன்னொன்று அலகுப் பிரிவு. எந்திரம் வெப்பத்தைக் கெல்வினிலும் காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் சொல்லும். மோட்டாருக்கு வெப்பம் செல்சியஸில் வேண்டும், காற்று மணிக்கு இத்தனை கடல் மைல், அதாவது ‘நாட்’ கணக்கில் வேண்டும், திசை பாகையில் வேண்டும். இருநூற்று எழுபத்து மூன்றைக் கழிக்கத் தெரிந்தால் அங்கே வேலை கிடைக்கும். கழிக்கத் தெரியாத இரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள்.

நாங்கள் அனுப்புவதுதான் வானிலை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, சட்டம் அப்படி. கட்டக வானிலைச் சட்டம் வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முன்கணிப்பு அவ்வளவு துல்லியமாகிவிட்டதால் காற்றையும் மழையையும் அளந்துகொண்டிருந்த நிலையங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். ஒரு கட்டத்தில் என்ன எண் இருக்கிறதோ அதுவே அந்த இடத்தின் வானிலை. மாதக் கடைசியில் முன்கணிப்பு எவ்வளவு சரி என்று பார்க்க, முன்கணிப்பையே எடுத்து முன்கணிப்போடு ஒப்பிடுவார்கள். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சதவீதம் வரும். மிச்சம் புள்ளி இரண்டு எங்கே போனது என்று கேட்க ஒருவருக்கும் புத்தி இல்லை.

ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே கைபேசியைத் துடைத்துப் பார்த்து, “இன்னிக்கு மழை இல்லையாம்” என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். மீறி ஒருவன் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டால் அது வானப் புரளி. அதற்காகவே எல்லாக் கைபேசியிலும் புரளிவடி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கட்டத்துக்கு மாறாக வானிலை பேசினால் அந்தச் சொல்லுக்குப் பதில் வெறும் கரகரப்புதான் மறுமுனைக்குக் கேட்கும். ஒரே அழைப்பில் மூன்று முறை கரகரத்தால் அன்று முழுக்க லைன் கிடையாது.

என் தங்கை ஜெனோவா பாம்பன் தீவில் சங்குமுனையில் இருக்கிறாள். கடலில் மூங்கில் தெப்பம் மிதக்கவிட்டுப் பாசி வளர்க்கிற வேலை. பதினோரு படகு, படகுக்கு இரண்டு பெண்கள். தீவுக்கு இரண்டு பக்கமும் கடல் என்பதால் தீவின் வடகரையிலும் தெப்பம் உண்டு, அதன் தென்கரையிலும் உண்டு. காற்று இருபத்தைந்து நாட் வேகத்துக்கு மேல் போனால் எந்தக் கரைக்குப் போவது என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. மோட்டாரில் கட்டப் பூட்டு இருக்கிறது. தெற்கிலிருந்து காற்று அடித்தால் வடகரை மறைவு, அங்கே மட்டும் மோட்டார் ஓடும். வடக்கிலிருந்து அடித்தால் தென்கரை. மறைவில் கடல் குளம் போலக் கிடக்கும். எதிர்க்கரையில் அலை படகைப் புரட்டிப் போட்டுவிடும். போகமாட்டேன் என்று மோட்டாரை அணைத்தாலோ பாதியில் திரும்பினாலோ மறுப்பு என்று பதிவாகும். மூன்று மறுப்பு விழுந்தால் தெப்பத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

போன டிசம்பரில் வாரியத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அலகுப் பிரிவின் கோதண்டபாணி என்னைவிட ஒரு படி மேலே போனார். அந்த ஆள் மேலே போனதற்குக் காரணம், அவரைவிட மேலே இருந்தவர் ஓய்வு பெற்றார் என்பது மட்டும்தான். அது போகட்டும். மூத்த பிரிவின் கையெழுத்துக்குப் பிறகுதான் இளைய பிரிவு கோப்பைத் தொட வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். அதுவரை கோப்பு முதலில் என்னிடம் வந்து விரிப்பு முடிந்து, பிறகு அலகுக்குப் போகும். இனி முதலில் அலகு, பிறகு விரிப்பு என்று சுற்றறிக்கை வந்தது. கீழே என் குறிப்புக்கு இடம் விட்டிருந்தார்கள். கோதண்டபாணியின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு மேற்கொண்டு படிக்கப் பிடிக்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தள்ளிவிட்டேன்.

ஜனவரி ஆறாம் தேதி காலை ஐந்து ஐம்பதுக்கு ஜெனோவா கூப்பிட்டாள்.

“அக்கா, துறையில நிக்கிறேன். இன்னிக்கு வடகரைக்குத்தான் மோட்டார் ஓடும்னு காட்டுது. ஆனா இங்க” என்றாள், பிறகு கரகரப்பு.

“என்னடி?”

“மூஞ்சியில சில்லுன்னு” என்றாள், மறுபடி கரகரப்பு.

“இன்னொரு தடவ கரகரத்தா லைன் போயிரும். அறிவு இருக்கா உனக்கு? இருபத்தொம்பது நாட், தென்காத்து. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்.”

“இல்லக்கா, எனக்கு என்னமோ சரியாப் படல. இவளுகளும் அதத்தான் சொல்லுறாளுக.”

“வானிலை படிச்சது நீங்களா நானா? பத்தாவதுல கணக்குல எவ்வளவு வாங்குன?”

“முப்பத்தேழு,” என்றாள்.

“அப்ப வாயை மூடிட்டுப் போ. ஏற்கெனவே ரெண்டு மறுப்பு உன் பேர்ல கிடக்கு. மூணாவதும் வாங்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காத.”

“சரிக்கா,” என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. முப்பத்தேழு வாங்கியவள் என் கையெழுத்தைச் சந்தேகப்படுகிறாள். அவள் முட்டாள் என்று அவளுக்கே எழுதி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் எந்திரத்திலிருந்து வந்த மூலக் கோப்பைத் திறந்தேன். அந்த எண்ணம் இல்லாவிட்டால் திறந்திருக்கவே மாட்டேன். அந்தக் கோப்பை எங்கள் அலுவலகத்தில் யாரும் திறப்பதில்லை.

மூலக் கோப்பில் காற்று பாகையாக இருக்காது. கிழக்கு நோக்கி இத்தனை, வடக்கு நோக்கி இத்தனை என்று இரண்டு எண்களாக இருக்கும். சங்குமுனையைச் சுற்றிய நான்கு கட்டத்திலும் வடக்கு நோக்கிய எண் மைனஸ் பதினைந்து. காற்று தெற்கே போகிறது என்றால் வடக்கிலிருந்து வருகிறது. ஜெனோவாவின் மூஞ்சியில் அடித்தது வாடைக்காற்று.

அடுத்து கோதண்டபாணியின் பிரிவு எனக்கு அனுப்பிய கோப்பைத் திறந்தேன். இரண்டு எண்களையும் சேர்த்துப் பாகையாக மாற்றியிருந்தார்கள். முந்நூற்று ஐம்பத்திரண்டு, முந்நூற்று ஐம்பத்தாறு, நான்கு, எட்டு. பாகைக் கணக்கில் வடக்கு என்பது பூஜ்யம், அதுவே முந்நூற்று அறுபதும். ஆக நான்கும் வடக்கை ஒட்டிய காற்றுதான், நான்கும் சரிதான். அதை என் பிரிவு வாங்கி, வெப்பத்துக்குச் செய்கிற மாதிரியே கூட்டி நான்கால் வகுத்திருந்தது. எழுநூற்று இருபதை நான்கால் வகுத்தால் நூற்றெண்பது. அதாவது நேர் தெற்கு. நான்கு வாடைக்காற்றைக் கூட்டி வகுத்து ஒரு தென்காற்றைச் செய்திருந்தோம்.

முன்பு போல முதலில் விரிப்பு, பிறகு அலகு என்று இருந்தால் இது நடந்திருக்காது. மைனஸ் பதினைந்தை எத்தனை முறை சராசரி எடுத்தாலும் மைனஸ் பதினைந்துதான். டிசம்பர் முழுக்கக் காற்று வடகிழக்கில் இருந்ததால் நாற்பதும் ஐம்பதுமாக எண்கள் வந்து, தப்பு தெரியாமலே ஓடியிருக்கிறது. அன்றுதான் காற்று நேர் வடக்குக்குத் திரும்பியிருந்தது. சரிபார்க்கிற பையன்களைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. எண் பூஜ்யத்துக்கும் முந்நூற்று அறுபதுக்கும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள். நூற்றெண்பதைவிட நடுவான எண் வேறு இல்லை.

இதெல்லாம் பிடிபட்டபோது மணி ஏழு தாண்டியிருந்தது. இயக்குநர் தில்லைநாயகத்தின் அறைக்கு ஓடினேன். அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்தை மூடாமலே கேட்டார்.

“கோப்புல ரெண்டு பிரிவும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா.”

“போட்டிருக்கோம் சார். தப்பாப் போட்டிருக்கோம். இருபத்திரண்டு பொம்பளைங்க கடலுக்குள்ள போய்க்கிட்டிருக்காங்க.”

“திருத்தம்னா அடுத்த சுற்றுலதான் வரும். பன்னிரண்டு மணி.”

“எட்டு மணிக்கெல்லாம் காத்து ஏறிரும் சார். அந்த ஜன்னலைத் திறந்து பாருங்க. இங்கேயே வாடை அடிக்குது.”

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “வெளிய இருக்கிறது வெறும் காத்தும்மா. வானிலைங்கிறது கட்டத்துல இருக்கிறது. இத்தனை வருஷ சர்வீஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அவரை எனக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும். இதைவிடப் புத்திசாலித்தனமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அன்று அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு நேரமில்லை.

என் கையில் ஒரே ஒரு அதிகாரம் இருந்தது. சங்குமுனைக் கட்டத்தை வெறுமை என்று குறிக்கலாம். எண் இல்லாத கட்டத்தில் எந்த மோட்டாரும் ஓடாது. விசைப்பலகையில் கை வைத்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். பதினோரு படகும் பதினோரு புள்ளியாகக் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தன. இப்போது மோட்டாரை நிறுத்தினால் நடுக்கடலில் கட்டைகளாக நிற்பார்கள். கையை எடுத்துவிட்டேன். ஜெனோவாவைக் கூப்பிட்டேன்.

“ஜெனோ, படகைத் திருப்பு.”

“ஏன்?”

“காத்து மாறி” என்றேன். என் காதிலேயே கரகரப்பு கேட்டது.

“என்னக்கா, ஒண்ணும் விளங்கல.”

“கணக்குத் தப்பு, அந்தக் கட்டத்துல” என்றேன். மறுபடி கரகரப்பு. கட்டத்தைக் குறை சொன்னாலும் வடி விடாது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

“திரும்பி வாடி. நான் சொல்றேன்ல.”

“காலையில போன்னு சொன்னதும் நீதான். வாயை மூடிட்டுப் போன்னு சொன்ன. இப்பத் திரும்புன்னா மூணாவது மறுப்பு விழும். தெப்பம் போயிரும். உன் வாசல்ல வந்து நிக்கக் கூடாதுன்னும் சொன்னியே. உனக்கு விளையாட்டா இருக்கா?”

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவளைப் பொண்ணு பார்க்க வந்த டேவிட் வீட்டாரை நான் கிண்டல் பண்ணி, அவர்கள் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அன்றுகூட அவள் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நல்லதாகப் போச்சு என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு இடம் அமையவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் அவளிடம் பேசியதில்லை.

என்ன சொன்னால் நம்புவாள் என்று எனக்குத் தெரியவில்லை. காற்று, கட்டம், கடல், எதைச் சொன்னாலும் லைன் போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஜெனோ, என்னை மன்னிச்சிரு.”

மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“எதுக்கு?” என்றாள்.

“காலையில பேசுனதுக்கு. டேவிட் வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போன அன்னிக்குப் பேசுனதுக்கு. முப்பத்தேழுன்னு ஊரெல்லாம் சொன்னதுக்கு. எல்லாத்துக்கும்.”

“அக்கா, உனக்கு உடம்புக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல.”

“அழுகிறியா?”

“ஆமா.”

அவள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னது கேட்டது. மோட்டாரின் சத்தம் மாறியது. “திருப்புறேன்க்கா. அழாத,” என்றாள்.

திரையில் ஒரு புள்ளி வளைந்து கரையைப் பார்த்துத் திரும்பியது. அதன் பின்னால் இன்னும் மூன்று திரும்பின. மிச்சம் ஏழும் அதே இடத்தில் நின்றன. தண்ணீர் குடித்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு கோதண்டபாணிக்கு எதிராக ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

நல்ல குறிப்பு அது. திசை என்பது கூட்டி வகுக்கிற சரக்கு அல்ல என்பதை ஒரு குழந்தைக்குச் சொல்வது போல ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தேன். அந்த ஆளின் பெயரை எழுதாமலே, படிக்கிறவர்கள் அவரை நினைத்துச் சிரிக்கிற மாதிரி மூன்று வாக்கியம் அமைந்தது. மூன்றாவதில் ஒரு சொல் சரியாக வரவில்லை என்று அடித்து அடித்துத் திருத்தினேன். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது மணி எட்டு பத்து. திரையில் நான்கு புள்ளி துறையில் இருந்தன. மிச்சம் ஏழில் வடகரையில் இரண்டுதான் இருந்தன.

ஒன்பது பெண்கள் இறந்துபோனார்கள். ஐந்து பேரை அலையே கரையில் கொண்டுவந்து போட்டது. வாரியத்தின் பதிவில் அன்று சங்குமுனையில் தென்காற்று, வடகரை மறைவு, கடல் அமைதி. இறப்புக்குக் காரணம் படகோட்டிகளின் கவனக்குறைவு. அந்த மாதத் துல்லியம் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. என் குறிப்பின் நடை நன்றாக இருக்கிறது என்று தில்லைநாயகம் பாராட்டிவிட்டுக் கோப்பில் சேர்த்தார். மார்ச் மாதம், நிர்வாகக் காரணங்களுக்காக இனி முதலில் விரிப்பு, பிறகு அலகு என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது. இந்தத் தடவை முழுவதும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முன்பு, பிப்ரவரியில், சங்குமுனைக்கு நான் போனது இறந்தவர்களின் நாற்பதாம் நாள் பூசைக்கு. பூசை முடிந்து ஜெனோவாவின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்குச் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்றாவது மறுப்பு விழுந்து தெப்பம் போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசவில்லை.

“திரும்புறப்போ எல்லாருக்கும் சத்தம் போட்டேன்க்கா,” என்றாள். “உங்கக்கா ஆபீஸ்ல இருக்கா, உனக்கு என்ன ஆனாலும் பாத்துக்குவா, எங்களுக்கு யாரு இருக்கான்னுட்டாளுக. பக்கத்துல இருந்த மூணு படகுதான் என் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்புச்சு.”

நான் தலையாட்டினேன்.

“அவளுக நம்பர் உங்கிட்ட இல்லையா?”

“இருந்துச்சு. திரையில புள்ளிக்குப் பக்கத்துலயே இருக்கும்.”

“நான் திரும்புனதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“நாப்பது நிமிஷம்.”

“என்ன பண்ணிக்கிட்டு இருந்த?”

சொன்னேன். மறைக்கவில்லை. கோதண்டபாணி யார், அவர் செய்த தப்பு என்ன, நான் எழுதிய குறிப்பு எதைப் பற்றி என்று எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அழுத மாதிரி அவளுகளுக்கும் அழுதிருக்கலாம்,” என்றாள். “யாரோ ஒரு பொம்பள போன்ல அழுகிறான்னா ஒருத்தியாவது திரும்பியிருப்பா. ஏழு போன்தானக்கா. தோணலையா உனக்கு?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“தோணவே இல்லடி,” என்றேன்.